கொழும்பின் சுத்தமும் புத்தளத்தின் கிணறும்

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கொழும்பு மாநகரம் ஒரு சர்வதேசக் கௌரவத்தைப் பெற்றது. துபாயில் நடைபெற்ற ராம்சார் ஈரநில உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டில், ஈரநிலங்களைப் பேணும் நகரங்கள் என்று உலகில் 18 நகரங்கள் முதன்முறையாக அங்கீகரிக்கப்பட்டன. அவற்றுள் கொழும்பும் ஒன்று. பதினெட்டில் ஒரு நாட்டின் வர்த்தகத் தலைநகரமாக விளங்கும் பெருநகரம் அது என்பதால் எல்லோரும் பெருமைப்பட்டோம். பத்திரிகைகள் படத்துடன் செய்தி வெளியிட்டன.

அதே காலப் பகுதியில் புத்தளத்தில் மக்கள் வெயிலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தார்கள். கொழும்பின் குப்பையை 170 கிலோ மீற்றர் தூரம் கொண்டுவந்து தங்கள் மாவட்டத்தின் அருவக்காட்டில் கொட்ட வேண்டாம் என்பதே அவர்களின் கோரிக்கை. முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும், பள்ளிவாசலும் விகாரையும் கோவிலும் தேவாலயமும் சேர்ந்து நின்ற போராட்டம் அது. இந்த நாட்டில் அப்படியொரு காட்சி அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் அந்தச் செய்தி உள்பக்கத்தில்தான் வந்தது.

இவ்விரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கொழும்பைப் பற்றி எமது கிராமத்து வாசகர்களுக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நகரம் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும் போது அந்த அழுக்கு எங்கே போய்ச் சேருகிறது என்பது நகரத்தவரை விடக் கிராமத்தவருக்கே அதிகம் சம்பந்தப்பட்ட விடயம்.

முதலில் கொழும்புக்குரிய பாராட்டைக் குறைக்காமல் கொடுத்துவிடுவோம். கொழும்பு நகரம் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த நகரம். கோட்டை இராச்சியத்தின் தலைநகரைச் சுற்றியிருந்த நீரும் சேறும் அன்று அரணாக இருந்தன. பிற்காலத்தில் அந்தத் தாழ்நிலங்களில் நெல் விளைந்தது. நகரம் பெருக, வயல்கள் கைவிடப்பட்டன. கைவிடப்பட்ட வயலில் முதலில் புல்லும் பின்னர் குப்பையும் அதன் பின்னர் வீடும் வந்தன. நிரப்பிய ஒவ்வொரு ஏக்கரும், முன்னர் அங்கே தங்கிய மழைநீரை அடுத்தவன் வாசலுக்கு அனுப்பியது. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மழையில் தியவன்னா ஓயாவோரத்துப் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. ஏழைகளின் குடிசைகளுக்குள் ஆண்டுதோறும் புகுந்த வெள்ளம் சட்டம் இயற்றும் இடத்துக்குள்ளும் வந்த பிறகு காரியங்கள் சற்று வேகமாக நடந்தன என்று சொன்னால் அதில் தவறில்லை.

2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனுடன் கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கால்வாய்கள் தோண்டிச் சீர்செய்யப்பட்டன. அதைவிட முக்கியமானது, ஈரநிலங்களைப் பற்றிய சிந்தனை மாறியது. அதுவரை அவை நிரப்புவதற்குக் காத்திருக்கும் வெறும் நிலம். அந்தத் திட்டத்தின் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எஞ்சியிருக்கும் சுமார் 20 சதுர கிலோ மீற்றர் ஈரநிலமும் இல்லாமல் போனால், வெள்ளச் சேதத்தால் மாத்திரம் மாநகரப் பகுதி தன் ஆண்டு உற்பத்தியில் சராசரியாக நூற்றுக்கு ஒரு வீதத்தை இழக்கும் என்று கண்டார்கள். சேற்றின் பெறுமதியை ரூபாவிலும் சதத்திலும் சொன்ன பிறகுதான் அதிகாரிகளுக்குச் சேறு விளங்கியது. பெத்தகானையிலும் தலவத்துகொடையிலும் ஈரநிலப் பூங்காக்கள் அமைந்தன. மாநகரத்தின் நடுவே மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்றும் வாழ்கின்றன. பாடசாலைப் பிள்ளைகள் மரப்பாலத்தில் நடந்து அந்த இடங்களைப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் நல்ல வேலைகள். கேலி செய்வதற்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஈரநிலங்களில் ஒன்றின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மீதொட்டமுல்லவில் குப்பை கொட்டப்பட்ட இடத்துக்குப் பொத்துவில் கும்புர என்று பெயர். கும்புர என்றால் வயல். புளூமெண்டல் குப்பைமேடு நிரம்பி வழிந்ததால், 2009இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் கொழும்பின் குப்பை அங்கே திருப்பப்பட்டது. இரண்டு ஏக்கர், அதுவும் தற்காலிகமாக என்பதே அன்றைய பேச்சு. எமது நாட்டில் ‘தற்காலிகம்’ என்ற சொல்லைப் போல ஆயுள் கூடிய சொல் வேறில்லை. இரண்டு ஏக்கர் இருபது ஏக்கர் அளவுக்குப் பரந்தது, மேடு மலையானது. சுற்றியிருந்த மக்கள் மனுக் கொடுத்தார்கள், வீதியை மறித்தார்கள், அடியும் வாங்கினார்கள். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று பிற்பகல், அந்த மலை சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சிதைந்தன. மென்மையான சதுப்புக் களியின் மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்றினால் மேலே உள்ளது சரியும், கீழே உள்ள நிலமும் பக்கவாட்டில் பிதுங்கும் என்பது மண்ணியலின் பாலபாடம். வயலில் வரப்புக் கட்டிய எந்த விவசாயியும் அதை அறிவான்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு கொழும்பு குப்பை கொட்ட இடம் தேடியது. அதிகாரிகளின் கண் அதற்கு முன்னரே அருவக்காட்டில் விழுந்திருந்தது. சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக் கல் அகழ்ந்து கைவிடப்பட்ட குழிகள் அங்கே இருந்தன. குழி இருக்கிறது, குப்பையும் இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது தானே புத்தி! களனியில் குப்பையை அழுத்திக் கொள்கலன்களில் அடைத்துப் புகையிரதத்தில் ஏற்றி, நாளொன்றுக்கு 1,200 தொன் வரை அனுப்புவது திட்டம். 2019 ஓகஸ்ட் மாதத்தில் முதல் லொறிகள் போயின. இரண்டு மாதம் கழியுமுன், ஒக்டோபரில், அந்த இடத்தில் வெடிப்பொன்று நிகழ்ந்தது. மீதேன் வாயு சேர்ந்ததே காரணம் என்றார்கள்.

அருவக்காடு ஆளில்லாத இடம் என்று கொழும்பில் பேசப்பட்டது. வரைபடத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் வில்பத்து வனம், ஒரு பக்கம் கலா ஓயா கடலில் சேரும் முகத்துவாரம், கண்டல் காடு, புத்தளம் களப்பு. சற்றுத் தள்ளி மீன்பிடிக் கிராமங்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் குடியேறிய மாவட்டம் அது. சீமெந்துத் தூசியை அந்த மாவட்டம் தலைமுறைக் கணக்கில் சுவாசித்திருக்கிறது. 2011 முதல் 2014 வரையில் நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. மின்சாரம் நாடெங்கும் போக, சாம்பல் அங்கே தங்கியது. அதன் பிறகு குப்பை. ஒரே தோளில் எத்தனை சுமை வைப்பது?

புத்தளம் பக்கம் ஒருமுறை போனபோது களப்போரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. “மகன், நாங்க கொழும்புக்கு மீன் அனுப்புறம், இறால் அனுப்புறம், உப்பு அனுப்புறம். அவங்க எங்களுக்கு இதை அனுப்புறாங்க” என்றார். பிறகு வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இந்த விடயம் பற்றி நான் வாசித்த அறிக்கைகள் எதிலும் இவ்வளவு தெளிவு இருக்கவில்லை.

நியாயமாகப் பேசுவதானால், அருவக்காட்டில் திட்டமிட்டது மீதொட்டமுல்ல போன்ற திறந்த மேடல்ல. குழியின் அடியில் நீர் புகாத விரிப்பு, கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு என்பன திட்டத்தில் இருந்தன. பொறியியலாளர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லில் ஒரு மூலையில் விட்டது இன்னொரு மூலையில் கிணற்றில் எழும்பும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் எத்தனை குடும்பங்கள் தாங்கி நீருக்கு வரிசையில் நின்றன என்பதை நாம் கண்டோம். அருவக்காட்டையும் வனாத்தவில்லுவையும் சூழ்ந்த நிலத்தடி நீர், நாட்டின் உலர் வலயத்துக்குக் கிடைத்த அரிய நீர்ச் சேமிப்புகளுள் ஒன்று. விரிப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கொடுப்பவர், அது கிழியும் நாளில் பதவியில் இருக்கமாட்டார்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் விடயம்.

கொழும்பின் குப்பையில் பாதிக்கும் மேலானது ஈரக் குப்பை. மரக்கறித் தோல், வாழையிலை, சோறு, மீன் குடல், புல், சருகு. அதாவது அது குப்பையே அல்ல. மண்ணிலிருந்து வந்த பொருள். நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும், தம்புள்ளையின் பூசணியும், யாழ்ப்பாணத்தின் வெங்காயமும் இரவு லொறிகளில் கொழும்புக்குப் போகின்றன. ஒவ்வொரு மூடையோடும் எமது நிலத்தின் சத்தில் ஒரு பங்கு ஏறிப் போகிறது. அந்தச் சத்து திரும்பி வருவதில்லை. அது பொலித்தீன் பையில் முடிச்சுப் போடப்பட்டு, காற்றில்லாமல் அழுகி, மீதேனாகவும் கறுத்த கழிவுநீராகவும் மாறுகிறது. இலையும் தோலும் தனியாக இருந்தால் பசளை. பற்றரியோடும் கண்ணாடியோடும் சேர்ந்து கிடந்தால் நஞ்சு. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு வீட்டுக்காரர் இரண்டு வாளி வைப்பதா ஒன்று வைப்பதா என்ற வித்தியாசமே.

2021ஆம் ஆண்டை எமது விவசாயிகள் மறக்கமாட்டார்கள். இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. சேதனப் பசளைக்கு மாறுங்கள் என்றார்கள். சேதனப் பசளை எங்கே என்று கேட்டதற்குப் பதில் இருக்கவில்லை. கடைசியில் சீனாவிலிருந்து கப்பலில் சேதனப் பசளை வரவழைக்க உடன்படிக்கை செய்தார்கள். மாதிரிகளில் தீங்கான பக்ரீரியா இருப்பதாக எமது ஆய்வுகூடங்கள் கூறியதால் அது இறக்கப்படவில்லை. இறக்காத பசளைக்கு 2022 ஜனவரியில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். பெரும்போகம் தொடங்கிய பிறகு, நவம்பரில் தடையும் விலக்கப்பட்டது. கொழும்பும் அதன் அயல் நகரங்களும் நாள்தோறும் நூற்றுக் கணக்கான தொன் ஈரக் குப்பையைப் புதைக்கவும் எரிக்கவும் பணம் செலவழித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் நடந்தது இது!

கொழும்பின் கூட்டெரு நாட்டின் வயல்களுக்கெல்லாம் போதும் என்று நான் சொல்லவரவில்லை. அது நடவாது. திடீர்த் தடையை நியாயப்படுத்தவும் முடியாது. ஆனால் மேல் மாகாணத்து மரக்கறித் தோட்டங்களுக்கும், தென்னந் தோட்டங்களுக்கும், பூங்காக்களுக்கும், வீட்டுத் தோட்டங்களுக்கும் அது பெரும் உதவியாக இருந்திருக்கும். கூட்டெரு செய்வது மந்திரமல்ல. ஈரக் குப்பையோடு சருகைக் கலந்து, ஈரத்தையும் காற்றையும் பேணி, குவியலின் சூடு அறுபது பாகை அளவுக்கு ஏறும்படி விட்டுப் புரட்டிப் போட்டால், மூன்று நான்கு மாதத்தில் கறுத்த மண் வாசனை வரும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் இறந்துவிடும். 2008 முதல் பிலிசரு திட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை நாட்டின் பல உள்ளூராட்சி மன்றங்களில் கூட்டெரு நிலையங்களை அமைத்தது. சில நன்றாக நடந்தன, சில பூட்டிக் கிடந்தன. பூட்டிக் கிடந்தவற்றின் வரலாறு பெரும்பாலும் ஒன்றுதான்: பிரிக்காத குப்பை வந்தது, கூட்டெருவில் கண்ணாடித் துண்டு கிடந்தது, விவசாயி ஒருமுறை வாங்கினான், மறுமுறை வாங்கவில்லை. 2016இன் இறுதியில், பிரித்துக் கொடுக்காத குப்பையை எடுப்பதில்லை என்று ஒரு விதி வந்தது. விதி நல்ல விதி. ஆனால் வீட்டில் பிரித்த குப்பையை வாசலில் ஒரே லொறிக்குள் ஒன்றாகக் கொட்டுவதைப் பல இடங்களில் மக்கள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு யார் பிரிப்பார்?

கெரவலப்பிட்டியில் 2021 பெப்ரவரி மாதம் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 600 முதல் 700 தொன் வரை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பெறுவது அதன் ஆற்றல். அருவக்காட்டுக்குப் போகவிருந்த பாரத்தில் பெரும் பங்கை அது குறைத்தது உண்மை. புத்தளத்து மக்களுக்கு அது ஓரளவு மூச்சு விடும் இடைவெளி. ஆயினும் ஈரக் குப்பை எரியும் பொருளல்ல. அடுப்பில் பச்சை விறகு வைத்த பெண்ணைக் கேட்டால் சொல்வாள். மேலும் இப்படியான நிலையத்துக்குத் தினமும் தீனி போட வேண்டும். குப்பையைக் குறைக்கும் ஆர்வம் அங்கே எப்படி வளரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த நிலையம் நிற்குமிடம் முத்துராஜவெலவின் ஓரம். நீர்கொழும்புக் களப்போடு சேர்ந்த சுமார் 3,000 ஹெக்டேயர் சதுப்பு அது. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். நீரை வடிக்கக் கால்வாய் வெட்டப் போய் உப்பு நீர் உட்புகுந்து வயல் அழிந்தது. 1996இல் அதன் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பொருளாதாரப் பயனை ஆண்டுக்கு 72 கோடி ரூபாவுக்கு மேல் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கி நிற்பதன் பெறுமதி. அதே சதுப்பின் தென்பகுதியிலோ நிரப்பும் வேலை நிற்கவில்லை. 2021இல் அங்குள்ள காணிகளை நகர அபிவிருத்தியின் பேரில் சுவீகரிக்கும் முயற்சி தெரியவந்தபோது மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் திருச்சபையும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். ஒரே நகரம் பெத்தகானையில் ஈரநிலத்துக்குப் பூங்கா கட்டுகிறது, வத்தளைப் பக்கத்தில் ஈரநிலத்தின் மேல் மண் கொட்டுகிறது. சான்றிதழ் எந்த இடத்துக்குக் கிடைத்தது என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

இவ்வளவும் கொழும்பைப் பற்றி. எமது பக்கத்தையும் பார்க்காமல் விடுவது நேர்மையல்ல. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்றோர் இடம் இருக்கிறது. கரையோரத்துத் தமிழ் முஸ்லிம் ஊர்களின் குப்பை லொறிகள் ஆண்டுக் கணக்காக அங்கேதான் போகின்றன. காட்டோரத்துத் திறந்த மேடு. யானைகள் வந்து பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் அங்கே இறந்தன என்று 2022இல் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் உணவுப் பைகளும் பிளாஸ்ரிக்கும் இருந்தன. புத்தளத்துக்காகக் கொழும்பைக் கோபித்த நாம், எமது சந்தையில் மரக்கறி வாங்கிய பையை எங்கே அனுப்பினோம்? கொழும்பு செய்தது போலவே, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு. தூரம் குறைவு என்பதும், அங்கே சத்தியாக்கிரகம் இருக்க யானைகளுக்குத் தெரியாது என்பதும்தான் வித்தியாசம்.

2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எமது பிரதேச சபைகளும் நகர சபைகளும் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் மீண்டும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எமது அயலவர்கள். திருவிழாவிலும் மரண வீட்டிலும் காணக்கூடியவர்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைத்து மூன்று விடயங்களைக் கேட்கலாம். சந்தையின் மரக்கறிக் கழிவு மாத்திரம் நாளொன்றுக்கு எத்தனை கிலோ? அதைத் தனியாக ஏற்ற ஓர் உழவு இயந்திரப் பெட்டி ஒதுக்க முடியுமா? சபையின் கூட்டெரு நிலையம் இருந்தால் அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் கிடைக்க ஐந்து வாரம் சென்றது. திறப்பு ஓர் எழுதுநரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. நிலையத்தின் கூரைத் தகடு இரண்டு காற்றில் போயிருந்தது. மற்றப்படி எல்லாம் அப்படியே இருந்தன.